பால்நுரை இருக்கா?

மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்க்கக்கூட சங்கரபாண்டியன் விடவில்லை.

"என்ன சரக்கு பாய்?"

"சோப்புத் தூளுண்ணே. சொந்தத் தயாரிப்பு."

"பையக் கட்டுங்க."

முகம்மது அனீஸ் முடிச்சிலிருந்து கையை எடுத்தான்.

அருப்புக்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள சில்லறைக் கடைக்காரர்கள் சரக்கெடுப்பது சங்கரபாண்டியனின் மொத்தக் கடையில். சில்லறை வியாபாரமும் உண்டு. அவர் வைத்தால் அவர்கள் வைப்பார்கள். அவர் தனக்குப் பின்னால் கையைக் காட்டினார். தரையிலிருந்து கூரை வரை சோப்புத் தூள். மேல் தட்டுப் பாக்கெட்டுகளில் சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தார்கள்.

"இதுல எடம் எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அனீஸ் தேடிப் பார்த்தான். "அந்த மூலையில கொஞ்சம்..."

"அது பல்லிக்கு. உங்களுக்கு முன்னாலயே வந்திருச்சு."

"உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும்ணே. நம்ம போர் தண்ணிக்குன்னே செஞ்சது."

"எல்லாக் கம்பெனிக்காரனும் நுரைக்கும்னுதான் சொல்றான். ஒருத்தன் பத்துக்கு ரெண்டு ஃப்ரீ தாரான். ஒருத்தன் வாளி தாரான். ஒருத்தன் எங்களைக் குடும்பத்தோட கொடைக்கானல் கூட்டிட்டுப் போனான். நீங்க என்ன தாரீக?"

அனீஸிடம் வாளி இல்லை. கொடைக்கானலை அவனே பார்த்ததில்லை.

"ஜனங்க பேரச் சொல்லிக் கேக்கட்டும் பாய். நாலு பேர் கேட்டா நானே தேடிப் புடிச்சு வாங்கி வைப்பேன். யாரும் கேக்காத சரக்க வச்சு நான் என்ன செய்ய, சூடம் காட்டவா?"

அந்த நாலு பேர் என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு அனீஸ் தன் ஊரான வீரசோழனுக்கு பஸ் ஏறினான்.

ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அவனுக்குச் சோப்புத் தூள் அடுக்குகிற வேலை. எந்தப் பாக்கெட் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும், எது காலடியில் கிடக்க வேண்டும் என்பது அவனுக்கு அத்துப்படி. அடுக்கத் தெரிந்தவனுக்கு விற்கத் தெரியாதா என்று நினைத்துவிட்டான். லீவில் வந்தவன் திருச்சுழி ரோட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தான். கலக்குகிற மிஷின் ஒன்று, செல்லக்கிளி என்ற வேலைக்காரப் பெண் ஒருத்தி, 'பால்நுரை' என்று அச்சடித்த கவர் ஒரு கட்டு. தொழில் தொடங்கிவிட்டது. வாங்கத்தான் ஆளில்லை.

ரமலான் நோன்புப் பிறை தெரிவதற்குள் வந்து சேராவிட்டால் வேலைக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று ஷார்ஜா மேனேஜர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு கடையிலாவது பால்நுரை ஏறிவிட்டால் அனீஸ் ஊரில் இருப்பான். ஏறாவிட்டால் அவன் விமானம் ஏற வேண்டும். மாமியாரிடம் அப்படித்தான் ஒத்துக்கொண்டிருந்தான்.

அவன் இருக்க விரும்பியதற்குக் காரணம் மகள் ரஹ்மத். மூன்று வயது. அவளுக்கு அத்தா என்றால் செல்போன். அனீஸ் ஊருக்கு வந்த பிறகும், அவன் மடியில் உட்கார்ந்துகொண்டே போனுக்குத்தான் சலாம் சொன்னாள். அவன் பதில் சொன்னால் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி ஆஃப்ரினிடம் விஷயத்தைச் சொன்னான்.

"நாலு பேர் கேக்கணும். அவ்வளவுதான். கேக்க வைப்போம்."

"யாரு கேப்பா மச்சான்?"

"நீ கேப்ப."

ஆஃப்ரின் கேட்டாள். அடுத்து அவளுடைய சின்னம்மா மகள் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் திருச்சுழியில் கேட்டார். செல்லக்கிளி பாளையம்பட்டியில் கேட்டாள். அனீஸ் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தான். கடைக்குப் போக வேண்டும். பால்நுரை இருக்கா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் முகத்தைச் சுளிக்க வேண்டும். வேறு எதுவும் வாங்காமல் திரும்ப வேண்டும். யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

யாரும் விடவில்லை. அதனால் ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாது.

அவனோடு படித்த சின்ன மீரான் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டான்.

"பால்நுரை இல்லாத கடையெல்லாம் ஒரு கடையான்னு கேட்டேண்டா. கடைக்காரன் தராசத் தூக்கிட்டான்."

"ஏலே, உன்னைய யாரு வசனம் பேசச் சொன்னது? முகத்தச் சுளின்னுதானே சொன்னேன்."

"சுளிச்சேன். அதுக்குத்தான் தூக்குனான்."

கடைசியாக அனீஸ் மாமியாரிடமும் கேட்டான். நசீமா மாமி அருப்புக்கோட்டையில் மாடி வீட்டில் தனியாக இருந்தாள். மதுரையிலிருந்து நைட்டி வாங்கி வந்து வீட்டிலேயே விற்பாள். அவள் வீட்டுக்கு நைட்டி பார்க்க வந்து சும்மா திரும்பியவர் இதுவரை யாருமில்லை.

"இல்லாத சாமான நான் போய்க் கேட்டு நிக்கணுமா மாப்புள?"

"ஒரே ஒரு தடவ மாமி."

"மார்க்கெட்டுல எடமில்லன்னு அந்தாளே சொல்லிட்டாரு. எந்தம்பி டிராவல்ஸுல சொல்லி டிக்கெட்டுப் போட்டு வச்சிருக்கேன். பேசாமக் கெளம்புங்க."

இருந்தாலும் போனாள். சங்கரபாண்டியன் கடையில் அவள் வாயைத் திறப்பதற்குள், முன்னால் நின்ற பெண் பால்நுரை இருக்கா என்றாள். அவளுக்கு அடுத்தவளும் அதையே கேட்டாள். "இந்த வாரம் பூரா இதே ரோதனையா இருக்கு. யாரு விக்கிறான்னும் தெரியல," என்று சங்கரபாண்டியன் தலையில் கை வைத்தார்.

இதை மாமியே வந்து சொன்னாள். சொல்லிவிட்டு விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினாள். அலைந்த பஸ் காசை எண்ணுகிறாள் என்று அனீஸ் நினைத்தான்.

"போன் வரும் பாரு," என்று ஆஃப்ரினிடம் சொன்னான். "தேடிப் புடிச்சு வாங்கி வைப்பேன்னாரு."

"உங்க நம்பர் குடுத்தீகளா?"

அனீஸ் யோசித்தான். நம்பர் கொடுக்கவில்லை. பேரும் சொல்லவில்லை. பையைத்தான் அவிழ்க்கவே விடவில்லையே.

"இப்பப் போய்க் குடுத்தா சந்தேகம் வந்துரும். இன்னும் கொஞ்சம் கேக்கட்டும்," என்றான்.

சங்கரபாண்டியனிடமிருந்து போன் வரவில்லை. வேறு ஒரு புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது.

'சோப்புத் தூள் லூசில் கிடைக்குமா. சலவைக்கு.' கீழே ஒரு ரோஜாப்பூ.

அனீஸ் உடனே பதில் போட்டான். 'கிடைக்கும். எந்த ஊர்?'

'குமாரலிங்கபுரம் பக்கம். ஜவுளிப் பூங்கா வருகிறதே. வேலைக்கு ஆள் வந்தால் துணி குமியும். இப்போதே தயாராகிறோம்.'

'கம்பெனி பெயர்?'

'பெயர் வேணுமா, வியாபாரம் வேணுமா?' மறுபடியும் ரோஜாப்பூ.

ஷெட்டில் மூட்டைகள் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. அனீஸ் வியாபாரம் வேணும் என்று எழுதினான்.

மறுநாள் கருத்தப்பாண்டி லோடு ஆட்டோவோடு வந்தான். அருப்புக்கோட்டைக்காரன். அனீஸின் கல்யாணத்துக்குப் பந்திப் பாத்திரம் ஏற்றி வந்தவன். மூட்டைகளைத் தானே ஏற்றினான். அனீஸ் டீக்குக் காசு கொடுத்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் பாய். அங்க போனா சாப்பாடே கெடைக்கும்."

"பார்ட்டி எப்பிடி?"

"தங்கமான பார்ட்டி. உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

சலவைக்காரர்களைப் பற்றி ஷார்ஜாவில் இருந்து வந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்கிறான் போல, என்று அனீஸ் நினைத்துக்கொண்டான்.

வாரம் திரும்புவதற்குள் கருத்தப்பாண்டி மறுபடியும் வந்தான். அதற்குப் பிறகு ஒன்று விட்டு ஒரு நாள் வந்தான். அனீஸுக்குத் தைரியம் வந்தது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு சங்கரபாண்டியன் கடைக்குப் போனான். இந்தத் தடவை வாசலிலேயே முடிச்சை அவிழ்த்து வைத்துக்கொண்டான்.

"அண்ணே, பால்நுரை கேட்டீகளாமே. இந்தாங்க."

சங்கரபாண்டியன் பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு அனீஸை அதே போலப் பார்த்தார்.

"பாய், பாத்தா நல்ல மனுசனாத் தெரியுறீக. இந்த டூப்ளிகேட் வேலையெல்லாம் எதுக்கு?"

"டூப்ளிகேட்டா?"

சங்கரபாண்டியன் மூலையைக் காட்டினார். பல்லி இருந்த இடத்தில் பால்நுரை அடுக்கியிருந்தது. நீல நிறக் கவர். நுரை வழிகிற வாளிப் படம். அதன் மேல் கொட்டை எழுத்தில், 'ஒரிஜினல்'.

அனீஸ் தன் பாக்கெட்டைத் திரும்பப் பிடுங்கி அதன் பக்கத்தில் பிடித்தான்.

"நாந்தாண்ணே ஒரிஜினல்!"

"எல்லா டூப்ளிகேட்டும் இதத்தான் சொல்லும்."

"இந்தப் பேரு என் பேருண்ணே. நான் வச்சது. பதிவுக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"அவுக கவர்லயும் அப்பிடித்தான் போட்டிருக்கு. அதுவும் உங்களுத விட எழுத்துப் பெருசு."

"யாருண்ணே போடுறது?"

"சரக்கு ஆட்டோவுல வருது. பத்துக்கு ஒண்ணு ஃப்ரீ. ஆளு யாருன்னு நான் எதுக்குக் கேக்க? போட்ட சரக்கு சாயங்காலம் காலி. அவ்வளவு கேட்டாகள்ல ஜனங்க."

கேட்ட ஜனங்கள் அனைவரையும் அனீஸுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அதைச் சொல்ல முடியவில்லை.

வீட்டு வாசலில் சின்ன மீரான் காத்துக்கொண்டிருந்தான். கையில் நீல நிறப் பாக்கெட். முகமெல்லாம் பல்.

"ஏலே அனீஸு, வந்திருச்சுடா! நான் கேட்ட கேள்வியில வந்திருச்சு! முத போணி நாந்தான்!"

அனீஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனான். அடுப்படியில் இன்னொரு நீலப் பாக்கெட் இருந்தது. ஆஃப்ரின் அதைச் சேலையால் மறைத்தாள்.

"நீயுமா?"

"நீங்கதான் கேக்கச் சொன்னீக. இருக்குன்னு எடுத்துக் குடுத்துட்டாரு. வேணாம்னு எப்பிடிச் சொல்றது?"

"தொவச்சியா?"

"தொவச்சேன்."

"எப்பிடி இருக்கு?"

ஆஃப்ரின் கணவனின் முகத்தைப் பார்த்தாள். "சுமார்தான்," என்றாள். பிறகு மனசு கேட்காமல், "நல்லாத்தான் நுரைக்குது மச்சான். அப்பிடியே உங்களுது மாதிரி," என்றாள்.

முற்றத்தில் இரண்டு வாளி வைத்து அனீஸ் போர் தண்ணீரை நிரப்பினான். ஒன்றில் தன் தூள், இன்னொன்றில் அந்தத் தூள். இரண்டும் நுரைத்தன. குனிந்து பார்த்தான். கண்ணை மூடி முகர்ந்தான். அந்த வாளியில் நுரை ஒரு விரல் கூடுதலாக இருப்பது போலத் தெரிந்தது. ரஹ்மத் இரண்டையும் ஒரே வாளியில் கவிழ்த்து உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் தன் பாக்கெட்டில் எல்லாம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான். 'டூப்ளிகேட்டைக் கண்டு ஏமாறாதீர்கள்.' எடுத்துக்கொண்டு போனான். சங்கரபாண்டியன் அதை வாய்விட்டுப் படித்தார்.

"பரவாயில்ல பாய். நீங்களே போட்டுட்டீக."

அன்று அங்கிருந்து நேராக மாமியார் வீட்டுக்குப் போனான். மாமி வாசல் கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வந்ததும் அடுத்தடுத்துத் தும்மினாள்.

"நைட்டிக் கட்டெல்லாம் மாடியில போட்டுருக்கேன். ஒரே தூசி. ஒக்காருங்க மாப்புள. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன்..."

"மாமி, என் பேர ஒரு களவாணி திருடிட்டான்!"

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பால்நுரைன்னு போட்டு விக்கிறான் மாமி! ஒரிஜினல்னு வேற! அவன் மட்டும் என் கையில கெடச்சான், அந்த வாளிக்குள்ளயே முக்கிருவேன். அவன் குடும்பம் வெளங்குமா? நீங்களே சொல்லுங்க, வெளங்குமா?"

"வெளங்கட்டும் மாப்புள. யாரையும் சபிக்கக் கூடாது."

"நீங்க என்னமோ சொல்ல வந்தீக."

மாமி முந்தானையில் இருந்த தூசியைத் தட்டினாள்.

"அந்த டிக்கெட்ட நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன். அதான். லூஸு யாவாரம் நடக்குதுன்னு ஆஃப்ரின் சொன்னா. அத மட்டும் விட்றாதீக. ஷார்ஜாவுல என்ன இருக்கு? புள்ள மொகத்தப் பாத்துக்கிட்டு இங்கனயே இருங்க."

எந்த மாமியார் இப்படிச் சொல்வாள் என்று அனீஸ் நினைத்தான். வீட்டில்கூட அவனுக்குப் பிடித்த மல்லிகை வாசனை அடித்தது. அவன் தூளில் போடுகிற அதே வாசனை. தன் சட்டையிலிருந்து வருகிறது என்று நினைத்தான். கடந்த சில மாதங்களாக அவன் போன இடமெல்லாம் அந்த வாசனைதான்.

ஆனால் அவன் சமாதானமாகவில்லை. பெயர் தெரியாத சலவைக்காரன் நாளைக்கே நிறுத்திவிடலாம். கடையில் பாக்கெட் ஏற வேண்டும். அப்படித்தான் பேச்சு.

வாசனையை மாற்றினான். மல்லிகைக்குப் பதில் தாழம்பூ. ஐந்தாறு நாளில் சின்ன மீரான் ஓடி வந்தான்.

"ஒரிஜினல்ல இப்பத் தாழம்பூ வாசம்டா! தூக்குது!"

அனீஸ் தூளில் பச்சைப் பொட்டுகள் கலந்தான். வேறு எந்தக் கம்பெனியிலும் இல்லாத பச்சை. அடுத்த வாரம் சங்கரபாண்டியன் கடை நீலப் பாக்கெட்டை ஓரத்தில் கிள்ளிப் பார்த்தான். உள்ளேயிருந்து பச்சைப் பொட்டு அவனைப் பார்த்தது.

"எவனோ உளவு சொல்றான்," என்று ஷெட்டுக்குள் வந்து கத்தினான். அங்கே இருந்தது செல்லக்கிளி மட்டும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தூள் சலித்துக்கொண்டிருந்தாள்.

"என்னையவா பாக்குறீக அண்ணே?"

"வேற யாரு இருக்கா?"

"நான் சொல்ல எனக்கு என்ன தெரியும்? வாசனை ஊத்துறப்ப நீங்களே கண்ண மூடிக்கிட்டு பிஸ்மில்லான்னு ஊத்துறீக. எவ்வளவு ஊத்துனீகன்னு உங்களுக்கே தெரியாது. அத நான் எங்க போயிச் சொல்ல?"

அது உண்மைதான். அனீஸ் சலிக்கிற இடத்துக்கும் கலக்குகிற இடத்துக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டினான். செல்லக்கிளி அதைச் சுற்றிக்கொண்டு வந்து, "இந்தப் பக்கம் வரவா அண்ணே, இல்ல அந்தப் பக்கமே இருக்கவா?" என்று கேட்டாள். அவள் இல்லாமல் மிஷினை ஓட்ட முடியாது. மறுநாள் தார்ப்பாயைக் கழற்றினான்.

அப்போதுதான் வாசலில் கருத்தப்பாண்டியின் ஆட்டோச் சத்தம் கேட்டது. ஷெட்டுக்குள் வந்து போகிற வெளி ஆள் அவன் ஒருவன்தான்.

"உள்ள வராத," என்றான் அனீஸ்.

"ஏன் பாய்?"

"இனிமே வெளி ஆளு யாரும் உள்ள வரக் கூடாது. லூஸும் கெடையாது. எல்லாத் தூளும் இனி என் பாக்கெட்டுக்குத்தான். நோன்புக்கு முன்னால வீடு வீடா ஃப்ரீயாக் குடுக்கப் போறேன். அந்தக் களவாணிய ஒழிக்காம விடமாட்டேன்."

கருத்தப்பாண்டி தலையைச் சொறிந்தான். "அவுக சத்தம் போடுவாகளே பாய்."

"போடட்டும்."

"அப்ப நீங்களே பேசிக்கிருங்க. பெரிய எடத்து விசயம். நடுவுல நான் எதுக்கு?"

அன்று சாயங்காலமே செய்தி வந்தது. 'ஏன் நிறுத்திவிட்டீர்கள். துணி குமிகிறது.' இந்த முறை ரோஜா வாடியிருந்தது.

அனீஸ் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பதில் போடாமல் இருந்தான்.

ஆஃப்ரின் கோபப்பட்டாள். "வந்த யாவாரத்தையும் வெரட்டிட்டீக. பிறைக்கு என்ன நாளு கெடக்கு? அப்புறம் ஷார்ஜாதான்."

"ஒரு வாரம் பொறு."

"பொறுத்தா?"

உள்ளே ரஹ்மத் போனைத் தூக்கிக்கொண்டு, "அத்தா, எப்ப வாரீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அனீஸ் தூள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இலவசமாகக் கொடுக்கக் கிளம்பினான். இலவசத்தையும் சும்மா வாங்க மாட்டோம் என்றார்கள். "ஃப்ரீயா? கூட வாளி இல்லையா?" என்று திருச்சுழியில் ஒரு பெண் கேட்டாள். வீரசோழனில் ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். "டூப்ளிகேட்டு வேணாம் தம்பி. துணி கிழிஞ்சிரும்."

நான்காம் நாள் சின்ன மீரான் வந்தான். முகம் வாடியிருந்தது.

"ஒரிஜினல் இல்லையாம்டா. மூணு கடையில கேட்டுட்டேன். முகத்தக்கூடச் சுளிச்சேன்."

"இல்லையா?"

"எங்கயும் இல்ல. வரத்து நின்னு போச்சாம்."

அனீஸ் பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்கு ஓடினான். சங்கரபாண்டியன் கடை மூலை காலியாகக் கிடந்தது. பல்லி திரும்ப வந்திருந்தது. உள்ளே போகாமல் தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினான். பாதி வழியில் போன் அடித்தது.

"பாய், சங்கரபாண்டியன் பேசுறேன். உங்க நம்பரக் கண்டுபுடிக்க நாய் படாத பாடு. உங்ககிட்ட அந்த டூப்ளிகேட்டு இருக்கா?"

"எதுண்ணே?"

"பால்நுரை டூப்ளிகேட்டு. ஒரிஜினல் வரல. பொம்பளைக என்னையப் புடிச்சு வையுறாக. இதத் தவிர எதுவும் நுரைக்கலையாம் இந்தத் தண்ணிக்கு. இருக்குறத அனுப்புங்க. மூலைய உங்களுக்கே எழுதி வச்சிர்றேன்."

நான் டூப்ளிகேட் இல்லை என்று சொல்ல அனீஸ் வாயைத் திறந்தான். மூடினான்.

"எத்தன பெட்டிண்ணே?" என்றான்.

அடுத்த வாரத்துக்குள் திருச்சுழியில் ஏறியது. வீரசோழனில் ஏறியது. பாளையம்பட்டியில் ஏறியது. கடைகளில் 'டூப்ளிகேட் இருக்கா' என்றே கேட்டு வாங்கினார்கள். ஸ்டிக்கர் ஒட்டாத பாக்கெட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அனீஸ் ஸ்டிக்கர் இன்னொரு கட்டு அடிக்கச் சொன்னான். ஷார்ஜா மேனேஜருக்குப் போன் பண்ணி, இனி வரவில்லை என்று சொன்னான். ஆஃப்ரின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனை வைத்ததும் அவனைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய், வேண்டாத பாத்திரத்தை எல்லாம் எடுத்து விளக்கினாள். பாடிக்கொண்டே விளக்கினாள்.

அன்று மாமியிடமிருந்து செய்தி வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வாங்க.' கீழே ஒரு ரோஜாப்பூ.

பிரியாணி. கத்தரிக்காய் பச்சடி. தொட்டுக்கொள்ள மட்டன் சுக்கா. மாமி பரிமாறிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். தும்மல் மட்டும் நின்றிருந்தது. சின்ன மீரானும் வந்து உட்கார்ந்திருந்தான். வெற்றியில் தனக்குப் பாதிப் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாமி, நீங்க அன்னைக்கு யாரையும் சபிக்காதீகன்னு சொன்னீக," என்றான் அனீஸ். "நான் சபிக்கல. ஃப்ரீயாக் குடுத்தே அடிச்சேன். ஒரே வாரம். கவரு கூட மிச்சமில்லாம ஓடிட்டான்."

"கவரு கெடக்கும் மாப்புள," என்றாள் மாமி மெதுவாக. "ஒரு கட்டு, ரெண்டு கட்டு எங்கயாச்சும் கெடக்கும். பாவம், அச்சுக்குக் குடுத்தது."

"கெடக்கட்டும்! பாத்துப் பாத்து அழட்டும்!"

மாமியின் கண்ணில் நீர் நின்றது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அவன் தட்டில் இன்னொரு கறித் துண்டை வைத்தாள். மருமகன் ஊரில் தங்கிவிட்ட சந்தோஷம் என்று அனீஸ் நினைத்தான். அவனுக்கும் கண் கலங்கியது.

ரஹ்மத் மாமியின் போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அதைக் காதில் வைத்து ஒரு தடவை சலாம் சொன்னாள். பிறகு நிமிர்ந்து அனீஸைப் பார்த்தாள். போனை அவன் கையில் கொடுத்தாள்.

"அத்தா, இந்தாங்க போன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். ஆஃப்ரின் சத்தம் போட்டுச் சிரித்தாள். அனீஸ் எச்சில் கையோடு மகளை அள்ளிக்கொண்டான்.

அந்த நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கருத்தப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு, இந்த வீட்டுக்குப் பழகியவன் போல நேராக உள்ளே வந்து தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாமி அவசரமாக அடுப்படிக்குப் போனாள்.

"வாய்யா கருத்தப்பாண்டி," என்றான் அனீஸ். அன்று அவனுக்கு யார் மேலும் கோபம் இல்லை. "கேள்விப்பட்டியா? அந்த ஒரிஜினல் பால்நுரைக்காரன ஊர விட்டே ஓட்டிட்டேன்."

கருத்தப்பாண்டி பிரியாணியைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்தான்.

"பெறகு, நீங்க மூட்டைய நிறுத்திப்புட்டா உங்க மாமி மாடியில எதத்தான் பாய் பாக்கெட் போடுவாக?"